ஒரே கூரையா, தனித்தனிக் கொட்டகையா?

கோவையிலிருந்து திருப்பூர் செல்லும் இருப்புப்பாதையில் சோமனூர் ஒரு சிறு நிலையம். வண்டியை விட்டு இறங்கி ஊருக்குள் நடந்தால் விசைத்தறிகளின் ஓசை நாற்புறமும் கேட்கும். அது ஏதோ ஒரு பெரிய ஆலையின் ஓசையன்று. நான்கு தறி, எட்டுத் தறி என்று வீட்டை ஒட்டிய கொட்டகைகளில் ஓடும் தறிகளின் ஓசை. ஜவுளி உற்பத்தியாளர் பாவு நூலும் ஊடை நூலும் கொடுப்பார். தறிக்காரர் அதைக் காடா துணியாக நெய்து திருப்பிக் கொடுத்துக் கூலி பெறுவார். நூல் நூற்பது ஓரிடம், பாவு ஓட்டிக் கஞ்சி போடுவது வேறிடம், நெய்வது இன்னோரிடம், சாயமேற்றுவது மற்றோரிடம். ஒவ்வொரு முறையும் சரக்கு வண்டியில் ஏறி இறங்குகிறது. கூடவே ஒரு சலானும் போகிறது.

துணியை வேறு விதமாகவும் உற்பத்தி செய்யலாம். சென்னைப் பெரம்பூரில் ஒரு காலத்தில் இயங்கிய பக்கிங்காம் கர்நாடிக் ஆலை போன்ற பெரிய ஆலைகளில் பஞ்சு ஒரு வாசலில் நுழையும். துணி மறு வாசலில் வெளிவரும். நூற்பும் நெசவும் சாயமும் ஒரே மதிலுக்குள். சலான் வேண்டாம், வண்டி வாடகை வேண்டாம். ஆனால் உள்ளே ஒரு பகுதியில் தீப்பிடித்தால் ஆலை முழுவதற்கும் ஆபத்து. சோமனூரில் ஒரு கொட்டகையில் தீப்பிடித்தால் பக்கத்துத் தெருவில் தறி ஓடிக்கொண்டேயிருக்கும்.

இவ்விரண்டில் எது மேல் என்னும் கேள்வியைக் கணிப்பொறி அறிஞர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தமக்குள் கேட்டு வருகிறார்கள் என்றால் வாசகர்களுக்கு வியப்பாக இருக்கும். அவர்களுடைய சரக்கு துணியன்று. ஆபரேட்டிங் சிஸ்டம் எனப்படும் இயக்க அமைப்பு.

உட்கரு என்பது யாது?

பருத்திக் கொட்டையை உடைத்தால் உள்ளே பருப்பு இருக்கும். ஆங்கிலத்தில் அதைக் கெர்னல் என்பர். இயக்க அமைப்பின் நடுவிலும் அத்தகைய ஒரு பகுதி உண்டு; அதற்கும் அதே பெயர். நாம் அதை உட்கரு என்போம்.

கணிப்பொறியில் ஒரே நேரத்தில் பல நிரல்கள் ஓடுகின்றன. எல்லாவற்றுக்கும் செயலி வேண்டும், நினைவகம் வேண்டும், வட்டில் எழுத வேண்டும். பங்கிட்டுக் கொடுக்க ஓர் ஆள் தேவை. அந்த ஆள்தான் உட்கரு. அதற்கு அதிகாரம் வேண்டுமே? ஆகவே செயலியிலேயே இரண்டு நிலைகளை அமைத்திருக்கிறார்கள். கீழ்நிலையில் ஓடும் நிரல் தனக்கென்று ஒதுக்கிய நினைவகத்தை மட்டுமே தொட முடியும். எல்லை தாண்டினால் செயலி உடனே உட்கருவிடம் முறையிடும். உட்கரு அந்த நிரலை முடித்துவைக்கும். மற்றவை பாதிப்பின்றி ஓடும். மேல்நிலையில் ஓடும் நிரலோ எதையும் தொடலாம். அங்கே தவறு நேர்ந்தால் தட்டிக்கேட்க மேலே யாருமில்லை. கணிப்பொறி நின்றுவிடும், அல்லது அதைவிடக் கெடுதலாக, நிற்காமலே தப்பும் தவறுமாக வேலை செய்யும்.

அப்படியானால் அந்த மேல்நிலையில் எவற்றையெல்லாம் வைப்பது? இது ஒன்றுதான் கேள்வி.

1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கத் தொடங்கிய யூனிக்ஸில் கோப்புகளைப் பேணும் பகுதி, வட்டு முதலிய கருவிகளை இயக்கும் டிரைவர்கள் எல்லாமே மேல்நிலையில் இருந்தன. பின்னாளில் வலைத்தொடர்புப் பகுதியும் வந்து சேர்ந்தது. மாமல்லபுரத்து இரதங்களைப்போல ஒரே கல் என்னும் பொருளில் இவ்வகையை மோனோலித்திக் கெர்னல் என்பர். நாம் ஒற்றைக்கரு என்போம். கல் என்றதும் உள்ளே ஒழுங்கில்லை என்று எண்ணிவிட வேண்டாம். பகுதிகள் நேர்த்தியாகவே பிரிக்கப்பட்டிருக்கும். அவற்றுக்கிடையே சுவர் கிடையாது, அவ்வளவுதான்.

அதே 1969-இல் டென்மார்க்கில் பெர் பிரிஞ்ச் ஹான்சன் என்பவர் வேறொரு வழி கண்டார். ஆர்.சி. 4000 என்னும் கணிப்பொறிக்கு அவர் அமைத்த உட்கருவில் மிகச் சிலவே இருந்தன. நிரல்களைத் தொடங்குவது, நிறுத்துவது, ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்குச் செய்தி கொண்டுசெல்வது ஆகியவைதாம் அதன் முக்கியப் பணிகள். மற்றவை யாவும் தனி நிரல்கள். அந்தக் கணிப்பொறி முதலில் போய்ச் சேர்ந்த இடம் போலந்து நாட்டில் புவாவி என்னும் ஊரிலிருந்த உரத் தொழிற்சாலை என்பதையும் சொல்லிவைக்கலாம். இம்முறையின் பிற்கால வடிவத்திற்கு மைக்ரோகெர்னல், அதாவது நுண்கரு, என்று பெயர் வந்தது.

ஒரு கோப்பு, 85 லட்சம் கணிப்பொறிகள்

ஏட்டளவில் இருந்த இந்தச் சர்ச்சை 2024 ஜூலை 19 அன்று விமான நிலையத்தில் வரிசையில் நின்றவர்களின் சர்ச்சையாயிற்று. அன்று காலை இந்திய நேரம் 9.39-க்குக் கிரவுட்ஸ்டிரைக் என்னும் அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம், விண்டோஸ் கணிப்பொறிகளில் உள்ள தன் காவல் நிரலுக்கு ஒரு சிறு தகவல் கோப்பை அனுப்பியது. அக்கோப்பு 21-ஆவது உள்ளீட்டைப் பார்க்கச் சொன்னது. நிரல் வழங்கியதோ 20 உள்ளீடுகள்தாம். இல்லாத 21-ஆவதைத் தேடி நிரல் தன் எல்லைக்கு அப்பாலுள்ள நினைவகத்தைப் படிக்க முயன்றது.

கீழ்நிலையில் நடந்திருந்தால் அந்த நிரல் மட்டும் மடிந்திருக்கும். ஆனால் காவல் நிரலின் அப்பகுதி, டிரைவர் என்னும் வடிவில் உட்கருவுக்குள் குடியேறியிருந்தது. கணிப்பொறி நீலத்திரையோடு நின்றது. மறுபடி இயக்கினால் அதே கோப்பு, அதே தவறு, அதே நீலத்திரை. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் கணிப்பொறிகள் இவ்வாறு முடங்கின. உலகிலுள்ள விண்டோஸ் கணிப்பொறிகளில் இது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆயினும் மருத்துவமனைகளும் வங்கிகளும் திணறின. சென்னை உட்பட நம் நாட்டு விமான நிலையங்கள் பலவற்றில் பயணிகளைப் பதிவு செய்யும் பணி தடைப்பட்டது. இருக்கைச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுக்க நேர்ந்தது.

இதில் இன்னொரு செய்தி அதிகம் பேசப்படவில்லை. தவறான கோப்பை அந்நிறுவனம் 78 நிமிடத்தில் மாற்றிவிட்டது. திருத்தம் தயாராகத்தான் இருந்தது. ஆனால் அதை வாங்கிக்கொள்ளக் கணிப்பொறி உயிரோடிருக்க வேண்டுமே! நின்றுபோன கணிப்பொறிகளில் மிகப் பலவற்றை ஆட்கள் ஒவ்வொன்றாகப் போய்த் தட்டி எழுப்பி, அந்தக் கோப்பை நீக்க வேண்டியிருந்தது. பல இடங்களில் நாட்கணக்கில் ஆயிற்று.

நுண்கரு இருந்திருந்தால் அன்று எதுவுமே நடந்திராது என்று அடித்துச் சொல்லலாமா? கூடாது. காவல் நிரல் மடிந்திருக்கும். எழுப்பினால் அதே கோப்பைப் படித்து மறுபடி மடிந்திருக்கும். காவலில்லாமல் கணிப்பொறி ஓடலாமா என்பதை அதன் உரிமையாளர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் கணிப்பொறி விழித்திருந்திருக்கும். 78 நிமிடம் கழித்து வந்த திருத்தத்தைத் தானே வாங்கிக்கொண்டிருக்கும்.

டிரைவர்களை மட்டும் ஏன் குறிப்பிட்டுச் சொல்கிறோம்? 2001-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் லினக்ஸ் உட்கருவை ஆராய்ந்தபோது, டிரைவர்களில் பிழை விகிதம் மற்றப் பகுதிகளைப்போல் மூன்று முதல் ஏழு மடங்கு வரை இருக்கக் கண்டனர். இது இயற்கையே. உட்கருவின் நடுப்பகுதியை ஆயிரம் பேர் அன்றாடம் புரட்டிப் பார்க்கிறார்கள். யாரோ ஒரு கருவிக்கு யாரோ எழுதிய டிரைவரை யார் பார்க்கிறார்கள்? இன்றைய லினக்ஸ் உட்கரு 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. அதில் பெரும்பங்கு டிரைவர்கள். ஒரு கணிப்பொறியில் அவ்வளவும் ஏறுவதில்லை என்பதையும் நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். ஆனால் ஏறிய ஒவ்வொன்றும் மதிலுக்குள்தான் இருக்கிறது.

சலானின் விலை

இவ்வளவு நன்மை இருந்தும் உலகம் ஏன் ஒற்றைக்கருவின் பக்கம் சாய்ந்தது? விடை, சோமனூர்க்காரர்களுக்கு நன்கு தெரிந்த போக்குவரத்துச் செலவுதான்.

ஒருவர் தம் கணிப்பொறியில் தறிக்கூலிக் கணக்கைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைக்கருவில் கணக்கு நிரல் ஒருமுறை உட்கருவுக்குள் நுழைகிறது. அங்கே கோப்புப் பகுதி வட்டு டிரைவரை நேரே அழைக்கிறது. பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோல. வேலை முடிந்து ஒருமுறை வெளியே வருகிறது. நுண்கருவில் கணக்கு நிரல் கோப்புப் பணியாளருக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும். கோப்புப் பணியாளர் வட்டு டிரைவருக்கு இன்னொன்று. விடைகளாக இரண்டு. ஆக நான்கு சலான்; நான்கும் உட்கரு வழியாகவே போக வேண்டும். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் செயலி பாதியில் விட்ட கணக்கை எழுதிவைக்கிறது. நினைவக வரைபடத்தை மாற்றுகிறது. கைக்கெட்டும் தூரத்தில் கேஷ் நினைவகத்தில் அடுக்கி வைத்திருந்தவை அடுத்தவருக்குப் பயன்படாமல் போகின்றன. ஒரு செய்திக்கு ஆகும் நேரம் மிகச் சிறிது. ஆனால் நொடிக்குப் பல்லாயிரம் செய்திகள் என்றால்?

1985-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு ரஷீது குழுவினர் தொடங்கிய மாக் என்னும் உட்கருவின் பிற்காலப் பதிப்பு நுண்கருவாக அமைந்தது. அதன் வேகம் பலரையும் ஏமாற்றியது. மாக்கைத் தழுவிய ஆப்பிள் நிறுவனத்தார் அதனோடு பெர்க்கிலி யூனிக்ஸின் பகுதிகளையும் சேர்த்து மேல்நிலையிலேயே குடிவைத்தார்கள். சலான் புத்தகத்தை அச்சடித்துவிட்டுத் தறிகளையெல்லாம் மறுபடி ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்த கதை இது. மைக்ரோசாஃப்டும் 1996-இல் வெளியிட்ட என்.டி. 4.0 பதிப்பில், அதுவரை வெளியே இருந்த திரை வரைவுப் பகுதியை வேகம் கருதி உட்கருவுக்குள் இழுத்துக்கொண்டது.

இடையில் ஒரு புகழ்பெற்ற வாக்குவாதம் நடந்தது. ஆம்ஸ்டர்டாம் நகரப் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் மாணவர்களுக்குக் கற்பிப்பதற்காக 1987-இல் மினிக்ஸ் என்னும் சிறு நுண்கரு அமைப்பை உருவாக்கியிருந்தார். அவருடைய நூலைப் படித்து வளர்ந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் 1991-இல் லினக்ஸை எழுதினார். அதை ஒற்றைக்கருவாக எழுதினார். 1992 ஜனவரியில் பேராசிரியர், லினக்ஸ் காலாவதியான முறை என்றும், அறிஞரிடையே இக்கேள்வி நுண்கருவுக்குச் சாதகமாக முடிந்துவிட்டது என்றும் கண்டித்தார். மாணவரும் விடவில்லை. கொள்கையளவில் நுண்கரு அழகானது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் மினிக்ஸின் கோப்புப் பணியாளர் ஒரு வேலை முடியுமுன் அடுத்ததைத் தொடுவதில்லையே என்று குத்திக்காட்டினார். தம்முடையது இன்று ஓடுகிறது என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். 1990-இல் மாக்கின்மேல் கட்டத் தொடங்கிய ஹர்டு என்னும் அமைப்பு இன்றுவரை பரவலான பயன்பாட்டுக்கு வரவில்லை என்பதைப் பார்க்கும்போது மாணவர் பக்கமும் நியாயம் இருந்தது தெரிகிறது.

இருவரும் பேசியது ஒன்றைப் பற்றியே அன்று என்பது எம் கருத்து. ஒருவர் தவறு நேரும் நாளை எண்ணிப் பேசினார். மற்றவர் வேலை நடக்கும் நாளை எண்ணிப் பேசினார்.

மெதுவானது கொள்கையா, கட்டுமானமா?

ஜெர்மனி நாட்டு யோகன் லீட்கே இக்கேள்வியை மிகக் கூர்மையாகக் கேட்டார். மாக்கில் செய்தி மெதுவாகச் செல்வது நுண்கரு என்னும் கொள்கையின் குற்றமா, அல்லது மாக்கைக் கட்டிய விதத்தின் குற்றமா? மாக் பெயருக்குத்தான் நுண்கரு. அதன் நிரல் பருத்திருந்தது. ஒவ்வொரு செய்தியின்போதும் அது கேஷ் நினைவகத்தைத் தன் நிரலாலேயே நிறைத்துக்கொண்டது. சலான் கொண்டுபோக லாரி பிடித்ததைப்போல! லீட்கே 1993-இலிருந்து எல்4 என்னும் மிகச் சிறிய உட்கருவைச் செயலியின் மொழியிலேயே எழுதி, செய்தி செல்லும் நேரத்தை மாக்கில் ஆனதைவிடப் பத்து முதல் இருபது மடங்கு வரை குறைத்துக் காட்டினார். 1997-இல் லினக்ஸையே எல்4-இன்மேல் ஒரு சாதாரண நிரலாக ஓட்டி அளந்தபோது, பயன்பாட்டு நிரல்களில் வேக இழப்பு நூற்றுக்கு 5 முதல் 10 வரைதான் இருந்தது. சலான் வேண்டும், ஆனால் அதைச் சைக்கிளிலேயே கொண்டுபோகலாம்.

சிறியதாக இருப்பதில் வேறொரு பயனும் உண்டு. 2009-இல் ஆஸ்திரேலியாவில் கெர்வின் கிளைன், கெர்னோட் ஹைசர் ஆகியோர் அடங்கிய குழு, எல்4 வழிவந்த எஸ்.இ.எல்.4 என்னும் உட்கருவைக் கணித முறையில் நிறுவியது. அதாவது, அதன் நிரல் தனக்கு விதிக்கப்பட்ட வரையறையிலிருந்து எந்தச் சூழ்நிலையிலும் பிறழாது என்பதை, வடிவியலில் தேற்றத்தை நிறுவுவதைப்போல, படிப்படியாக நிறுவினார்கள். அந்த நிரல் ஏறத்தாழ 8,700 வரிகள்தாம். அதற்கே ஒருவர் தனியே செய்தால் சுமார் இருபது ஆண்டு பிடிக்கும் அளவு உழைப்புத் தேவைப்பட்டது. 3 கோடி வரிகளுக்கு என்ன ஆகும் என்று வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். செயலி ஒழுங்காக வேலை செய்கிறது என்பது போன்ற சில அனுமானங்களின்மேல்தான் இந்த நிறுவல் நிற்கிறது. வெளியே ஓடும் டிரைவர்களுக்கு அது பொறுப்பேற்பதில்லை.

டானன்பாமும் சும்மா இருக்கவில்லை. 2005-இல் மினிக்ஸ்-3 வந்தது. அதில் மறுபிறவிப் பணியாளர் என்று ஒரு நிரல். மடிந்த டிரைவரைக் கண்டுபிடித்து, அதன் புதுப் பிரதியை எழுப்பிவிடுவது அதன் வேலை. வலைத்தொடர்பு டிரைவர்களுக்குள் வேண்டுமென்றே 24 லட்சம் பிழைகளைச் செலுத்திப் பார்த்தார்கள். டிரைவர்கள் 18,000-க்கும் மேற்பட்ட முறை மடிந்தன. இயக்க அமைப்பு ஒருமுறையும் மடியவில்லை.

ஆனால் மறுபிறவியாலும் தீராத துன்பம் ஒன்று உண்டு. சோமனூரில் 2022-இன் தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டுத் தறிகள் நின்றதை அறிவோம். தனித்தனிக் கொட்டகைதான், ஆயினும் நெசவு நின்றால் துணியை எதிர்பார்ப்பவர் எல்லோரும் நிற்க வேண்டியதுதான். நுண்கருவிலும் அப்படியே. கோப்புப் பணியாளர் வேலையை நிறுத்தினால் அவரை நம்பிய நிரல்கள் விடைக்காகக் காத்துக்கிடக்கும். திறந்து எழுதிக்கொண்டிருந்த கோப்புகளின் நிலை அவர் நினைவிலேயே இருந்திருந்தால், புதுப்பிறவி எடுத்தவருக்குப் பழைய பிறவியின் நினைவு இராது. தீ பரவாமல் சுவர் தடுக்கும். ஒருவரையொருவர் சார்ந்திருப்பதைச் சுவர் தடுக்காது.

நம் கையில் இருப்பது எது?

2011-இல் தொடங்கிய தமிழக அரசின் மடிக்கணினித் திட்டத்தில் பள்ளி மாணவர்களுக்குக் கிடைத்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. இது சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் 2007-இல் முதலில் வெளியிட்டது, ஒற்றைக்கரு. ஆண்ட்ராய்டு கைபேசியின் உட்கருவும் லினக்ஸே. ஆனால் அதே கைபேசிக்குள் கோபுரத்தோடு பேசும் சில்லு ஒன்று தனியே உண்டு. குவால்காம் நிறுவனத்தின் இத்தகைய சில்லுகளில் எல்4 வழிவந்த நுண்கரு 100 கோடிக்கும் மேற்பட்ட கைபேசிகளில் ஓடியிருக்கிறது. கணிப்பொறிகளைப் பற்றி 2017-இல் வெளிவந்த செய்தி இன்னும் வேடிக்கையானது. இன்டெல் செயலிகளோடு வரும் மேலாண்மைச் சில்லுக்குள் மினிக்ஸ்-3 ஓடிக்கொண்டிருந்தது. டானன்பாமுக்கே அது முன்பு தெரியாது. கார்களின் கருவிப் பலகைகளில் கியூ.என்.எக்ஸ். என்னும் நுண்கரு பல கோடி வண்டிகளில் ஓடுகிறது. விரைவாகக் கணக்கிட வேண்டிய இடத்தில் ஒற்றைக்கருவும், தவறினால் ஆளுக்கே ஆபத்து என்னும் இடத்தில் நுண்கருவும் என்று பங்கு பிரிந்திருப்பதாகவே தோன்றுகிறது.

அந்தப் பங்கும் இப்போது மாறி வருகிறது. 2024 நிகழ்ச்சிக்குப் பின் மைக்ரோசாஃப்ட் நிறுவனம், பாதுகாப்பு நிரல்கள் உட்கருவுக்கு வெளியிலிருந்தே பணியாற்ற வழி செய்யப் போவதாக அவ்வாண்டு நவம்பரில் அறிவித்தது. 2025-இல் அதற்கான முன்னோட்டத்தைப் பாதுகாப்பு நிறுவனங்களுக்கு வழங்கத் தொடங்கியது. 1996-இல் வேகத்துக்காக உள்ளே இழுத்தவர்கள், அச்சத்துக்காகச் சிலவற்றை வெளியே அனுப்புகிறார்கள்.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி தலைமையில் உருவான சக்தி என்னும் செயலிக் குடும்பத்தைப் பற்றி வாசகர்கள் படித்திருக்கலாம். அதன் முதல் சில்லுகள் 2018-இல் வெளிவந்தன. அக்குடும்பத்தில் சி வகுப்பு என்னும் செயலி, லினக்ஸையும் தாங்கும், எஸ்.இ.எல்.4-ஐயும் தாங்கும். எதை ஏற்றுவது என்பது, அந்தச் சில்லைக் கொண்டு போய் எந்தக் கருவியில் பொருத்துகிறோம் என்பதைப் பொறுத்தது.